நடுச்சுவரில் ஒரு கதவு

நடுச்சுவரில் வைத்த கதவுக்கு அவள் பக்கம் தாழ்ப்பாளே இல்லை. குடிவந்த அன்று சாயங்காலம்தான் அதைக் கவனித்தாள். இருந்த ஒரே தாழ்ப்பாள் அக்கா பக்கம் இருந்தது.

அந்தக் கதவை ஆசைப்பட்டுக் கேட்டவளே அக்காதான். நடுவில் வயல், சுற்றிலும் வீடுகள் என்று அமைந்த குடியிருப்பு அது. வாங்குகிறவர் விருப்பப்படி வீட்டைக் கட்டித் தருவார்கள். "ஒரே சுவரு, நடுவுல ஒரு கதவு. நீ பாட்டுக்கு வா, போ," என்றாள் அக்கா. அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டு, சோறூட்டி வளர்த்தவள். தங்கைக்கு நரை எட்டிப்பார்த்த பிறகும் பாப்பா என்றே கூப்பிடுகிறவள். அவள் கேட்டு மாட்டேன் என்பதா? இவளும் இருந்த வேலையை விட்டுவிட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கிவிட்டாள். இனி தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்பதே அவளுக்குப் பெரிய நிம்மதி.

வீட்டைக் கட்டிய என்ஜினியரைப் போனில் பிடித்தாள்.

"உங்க அக்கா சொன்ன மாதிரிதான் மேடம் வச்சோம்," என்றார் அவர். "கதவு வச்சுட்டா ரெண்டும் ஒரே வீடுதான். அங்க அப்படித்தான் வழக்கம்." அவசரமாக வைத்துவிட்டார்.

இருட்டத் தொடங்கியது. ஜன்னல் வழியே ஈரமண் வாசனை வந்தது. அதற்கு அடியில், துவைக்காத சட்டையில் ஊறிப்போன வியர்வை போல ஒரு வாடை வந்தது. அதற்கும் அப்பால், காற்றே இல்லாத வேளையில் இலைகள் உரசும் ஒலியும், யாரோ சேற்றை மெதுவாக அமுக்குவது போன்ற சதக் சதக்கும் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தன. வீடு கட்டும்போது அக்காவிடம் வந்து தங்கிய நாட்களில் பார்த்திருக்கிறாள், விடிந்தால் எல்லா வாசலிலும் புதுக் காய்கறி இருக்கும். ஆனால் வயலில் வேலை செய்கிற ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. கேட்டபோது அக்கா, "காய் நல்லா இருக்குல்ல? சாப்பிடு," என்று சொல்லிப் பேச்சை மாற்றினாள்.

எதிர்வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

செடி வரிசைகளுக்கு நடுவே தலைகள் தெரிந்தன. பொம்மைகள் என்று நினைத்தாள். ஒரு தலைக்குக் கீழே இரண்டு கைகள் நாற்றை ஊன்றின. அந்த வழுக்கை அவளுக்குத் தெரியும். அக்கா புருஷன். வெளிநாட்டு வேலைக்குப் போயிருப்பதாக அக்கா சொன்ன மாமா. இடுப்பு வரை மண்ணுக்குள்.

"மாமா!"

அவர் திரும்பினார். "வந்துட்டியா பாப்பா," என்றார், களைத்துப்போன சந்தோஷத்தோடு.

நடுக்கதவுக்கு ஓடினாள். அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா, திற! மாமா வயல்ல..."

"தெரியும்டி." அக்காவின் குரல் கதவை ஒட்டிக் கேட்டது. "வீட்டுக்கு ஒருத்தர் அங்க நிக்கணும். அவரால இனிமே முடியல. அடுத்து நான்தான். அந்த மண்ணை நெனச்சாலே எனக்கு உடம்பு நடுங்குது."

"அதுக்கு நானா கெடச்சேன்?"

"இப்ப ஒரே வீடுதானே பாப்பா."

அக்கா அழுதாள். நடிப்பில்லாத அழுகை. பெற்றவளாக இவள் நினைத்தவள், பாசம் குறையாமலே கழுத்தை அறுத்துவிட்டாள்.

வாசலுக்கு ஓடினாள். வெளியே போக வயலோரப் பாதை ஒன்றுதான். முதல் அடி. இரண்டாவது. கால் இறங்கியது. கணுக்கால். முழங்கால். இழுத்தாள். வரவில்லை.

கத்தினாள். ஒரு ஜன்னலும் திறக்கவில்லை.

மாமா கைகளை ஊன்றி மேலே வந்துகொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே கால்கள் இல்லை. மண் உதிரும் வெளுத்த வேர்கள். அவற்றை இழுத்துக்கொண்டே வீட்டை நோக்கி நகர்ந்தார். அவர் பருத்த உடம்புக்காரர். விட்டுப்போன குழி அகலமாக இருந்தது. இருபுறமும் நின்றவர்கள் தலை நிமிராமல், ஈரமண்ணை அள்ளி அள்ளி அதன் ஓரத்தில் அப்பி, அவள் இடுப்பு அளவுக்கு அதை ஒடுக்கிக்கொண்டிருந்தார்கள்.