பிரேக் இல்லாத பக்கம்

அந்தக் கார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற மதியம், என் தங்கையின் கணவர் ஹாரனை விடாமல் அடித்தார். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று தெருவே வெளியே வந்து பார்த்தது. ஆகப்போவது எங்களுக்குத்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அவரை நான் மனசுக்குள் நிபுணர் என்றுதான் கூப்பிடுவேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆனால் உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. காய் வாங்கப் போனால் காய்காரருக்கே விவசாயம் சொல்லித் தருவார். நான் செருப்புக்கடை வைத்திருப்பவள். மாடியில் நான் ஒருத்தி, கீழே அவரும் என் தங்கையும். ஊருக்குக் கண் பார்ப்பவர் அவர், கால் பார்ப்பவள் நான். கண் பார்ப்பவருக்குத்தான் எதுவுமே தெரியவில்லை.

கார் அழகாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பாலாடை நிறம், உருண்டை விளக்குகள், முகம் பார்க்கலாம் போல மின்னும் பம்பர். நிபுணர் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. பழைய கார்களைப் புதுப்பித்து விற்கும் ஒரு வியாபாரியிடம் வாங்கினார். அந்த ஆள் மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில், குரலில் தேன் தடவிக்கொண்டு நிற்பார்.

வாங்கப் போன அன்று நிபுணர் எங்கள் இரண்டு பேரையும் கூடவே கூட்டிப் போனார். திறமையைக் காட்டினால் பார்க்க ஆள் வேண்டாமா? கைக்குட்டையில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்து, வண்டியின் உடம்பு முழுக்க டாக்டர் மாதிரி ஒற்றி ஒற்றிப் பார்த்தார். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாதாம். தொட்ட இடமெல்லாம் ஒட்டியது.

"சார் மாதிரி விவரமானவங்க வந்தாத்தான் எங்களுக்கே ஒரு மரியாதை" என்றார் வெள்ளைச் சட்டை.

நிபுணர் அங்கேயே உருகி வழிந்துவிட்டார். பிறகு அவர் இரும்பைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றைக் கவனித்தேன். வெள்ளைச் சட்டை முன்மூடியைத் திறந்து காட்டினார், டிக்கியைத் திறந்து காட்டினார், ஓட்டுபவரின் கதவைத் திறந்து காட்டினார். பக்கத்து இருக்கை உள்ள மறுபக்கம் மட்டும் அவர் வரவே இல்லை. அந்தக் கதவைத் திறக்கக் கேட்டபோது, நீங்களே திறந்து உட்கார்ந்து பாருங்கள் என்று என் தங்கையிடம் கையை நீட்டிக் காட்டினார். பெண்களிடம் மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டோம்.

தினமும் சாயங்காலம் உலா. ஓட்டுவது நிபுணர், பக்கத்து இருக்கையில் என் தங்கை. வரவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. சொன்னால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. அவளுக்கு வேகம் என்றால் பயம், அவருக்கு அவள் பயப்படுவதைப் பார்ப்பதென்றால் ஒரு குஷி. வளைவுகளில் வேண்டுமென்றே விரட்டுவார். அவள் இரண்டு காலாலும் தரையை ஊன்றி அழுத்துவாள். "அங்க பிரேக் இல்லடி" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் இந்த மனிதர் அவளைக் கொண்டுபோய் எதிலாவது மோதிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றும். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை எனக்கு மாடியில் சோறு இறங்காது.

முதலில் வந்தது ஒரு வாடை. இரும்புச் சாவியை ஈரக்கையில் வெகுநேரம் பிடித்திருந்தால் உள்ளங்கையில் வருமே, அந்த வாடை. அதற்கு அடியில் பாசி பிடித்த தண்ணீரின் வாடையும் இருந்தது. பிறகு தங்கையின் கால் பக்கம் விரிப்பு ஈரமானது. மழை பெய்து மாதக்கணக்காகிறது, தெருவில் புழுதி பறக்கிறது. வண்டிக்குள் மட்டும் ஈரம்.

ஏசித் தண்ணீர் என்றார் நிபுணர். அந்த வண்டியில் ஏசி கிடையாது. அதைச் சொன்னதும், தங்கைதான் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பாள் என்று தீர்ப்பு மாறியது. அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனாள்.

அன்று ராத்திரி மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, கால் நானா அழுத்தறதில்ல" என்றாள் மெதுவாக. "கீழேருந்து யாரோ என் கால் மேல கால் வச்சு அழுத்தற மாதிரி இருக்கு."

மறுநாள் காலையில் நிபுணர் கடைக்குப் போனதும் நான் போய் அந்தக் கதவைத் திறந்தேன். விரிப்பை உரித்து எடுத்தேன். அடியில் தார் பூசிய தரை. வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

தாரின் மேல் இரண்டு பாதங்கள்.

வரைந்தவை அல்ல. இரும்பைத் துரு தின்ற தடங்கள். செம்பழுப்பாக, குழிந்து, விரல் விரலாக இருந்தன. குதிகால் பக்கம் ஆழம் கம்மி, விரல் பக்கம் ஆழம் அதிகம். முழு பலத்தோடு எதையோ அழுத்தியவளின் பாதங்கள்.

என் தங்கைக்குத் தட்டைப் பாதம். அவளுக்குச் செருப்பு எடுத்துக் கொடுப்பவளே நான்தான். இது நடுவில் நன்றாக வளைந்த பாதம், இரண்டாவது விரல் நீளம்.

கட்டைவிரல் தடத்தை லேசாகத் தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. இற்றுப்போன இரும்பு அப்பளம் மாதிரி நொறுங்கி, ஓட்டை வழியாகக் கீழே தெரு தெரிந்தது. உள்ளிருந்து குளிர்ந்த தண்ணீர் ஊறி என் நகத்தை நனைத்தது.

சாயங்காலம் நிபுணரிடம் காட்டினேன். தடத்தை அவர் தடமாகவே பார்க்கவில்லை. துரு ஒன்றுதான் அவர் கண்ணில் பட்டது. முகம் செத்துப்போயிற்று. வண்டியை வியாபாரியிடம் ஓட்டிக்கொண்டு போனோம். நானும் போனேன், வெள்ளைச் சட்டை என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும் என்றிருந்தது.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காந்தம் வச்சுப் பாத்தது நீங்கதானே சார்?"

அவ்வளவுதான், நிபுணர் வண்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஏமாந்தேன் என்று சொல்வதைவிட ஓட்டைக் காரில் போவதே மேல் அவருக்கு. இந்தப் பக்கம் வந்து தரையை ஒருமுறை பாருங்கள் என்று நான் கூப்பிட்டேன். வெள்ளைச் சட்டை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தேன் தடவிய குரல் வறண்டுவிட்டது. பார்க்க வேண்டியதில்லை என்றார். இப்படி இரண்டு ஆண்பிள்ளைகள், நடுவில் ஒரு பொய். இருவரும் அதைத் தொடாமல் சுற்றி நின்றார்கள்.

எங்கள் தெருமுனைப் பட்டறையிலிருந்து ஒரு வெல்டரைக் கூப்பிட்டார் நிபுணர். வெல்டர் பக்கவாட்டைச் சுரண்டியதும் பட்டி உதிர்ந்தது. பட்டிக்கு அடியில் மெல்லிய தகரம், தகரத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை. காந்தத்தோடு வருகிறவர்களுக்காகவே இந்தத் தகரத்தை வைப்பார்கள் என்று வெல்டர் சொன்னார். காந்தம் தகரத்தில் ஒட்டும், வந்தவரும் சந்தோஷமாக வாங்கிப் போவார். நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கு அப்போதே லேசாகச் சந்தேகம் இருந்தது என்றார்.

நிபுணர் கடைக்குக் கிளம்பிப் போனதும் வெல்டர் தரைக்குக் குனிந்தார். அப்படியே நின்றுவிட்டார். ஓரத்தில் இருந்த வெல்டிங் தழும்பை விரலால் தடவினார்.

"இது என் கை வேலை" என்றார். "அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கிட்ட இருந்தப்ப இந்தத் தரைய நான் மாத்தி மாத்திப் போட்டிருக்கேன். திரும்பத் திரும்ப இதே மாதிரிதான் வரும். அதனாலதான் அங்கேருந்து வந்துட்டேன்."

மீதியைச் சொல்ல வைக்க நான் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அது வெள்ளைச் சட்டையின் சொந்த வண்டி. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்க, ஏரிக்கரைச் சாலையில் வேகத்தைக் காட்டப்போய் வண்டி தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. வண்டியைத் தூக்கியபோது அந்த அம்மாவின் இரண்டு கால்களும் தரையை ஊன்றியபடியே இருந்தனவாம்.

"அவர்?" என்று கேட்டேன்.

"அவர் நீந்தி வந்துட்டாரு."

வெல்டர் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார், கனமான தகடு. கையைக் கழுவிவிட்டு, அம்மா, அந்தப் பக்கம் யாரையும் உட்கார வைக்காதீங்க என்று என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் நாளே வாடை திரும்பி வந்தது. விரிப்பைத் தூக்கினேன். புதுத் தகட்டில் பத்து விரல்களும் பழுப்பாக முளைத்திருந்தன.

எல்லாவற்றையும் நிபுணரிடம் சொன்னேன். படித்த பெண்கள் இப்படிப் பேசலாமா என்று கேட்டார். துருவின் வேதியியலைப் பற்றி எனக்கு நீளமாக ஒரு விளக்கம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பழைய கார்க்காரர்கள் கூடுகிறார்கள், என் தங்கை நல்ல புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும், பேச்சு முடிந்தது.

அவளைப் போகாதே என்றேன். "போகலன்னா இவர் என்ன பேசுவார்னு உனக்குத் தெரியாதாக்கா" என்றாள். அதனால் நானும் பின்னிருக்கையில் ஏறினேன்.

தரை ஈரமாக இருந்ததால் தங்கை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கால்களை மடக்கி இருக்கையின் மேல் சம்மணம் போட்டிருந்தாள். அதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவள் கால் தரையில் இல்லை.

ஏரிக்கரைச் சாலை. வெயில் தாழ்ந்து தண்ணீர் ஈயம் போலக் கிடந்தது. நிபுணர் பாதி உடம்பைத் திருப்பி எனக்கு எஞ்சினைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டே விரட்டினார். முன்னால் வளைவு. வளைவில் பழுதாகி நின்ற ஒரு லாரியின் பின்புறம் தெரிந்தது. அவர் பார்க்கவில்லை.

நான் கத்த வாயைத் திறந்தேன்.

தங்கையின் இருக்கைக்கு முன்னால் தரையில் விரிப்பு அமுங்கியது.

ஒரு பாதம். பக்கத்தில் இன்னொரு பாதம். யாரும் இல்லாத இடத்தில் இரண்டு பள்ளங்கள் இறங்கின, ஓரங்களில் தண்ணீர் பிதுங்கியது.

சக்கரங்கள் அலறின. வண்டி நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடம் இருந்திருக்காது. நிபுணரின் நெற்றி ஸ்டியரிங்கில் இடித்து வீங்கியது. அவர் வலது கால் அப்போதும் ஆக்சிலரேட்டர் மேல்தான் இருந்தது. நான் பார்த்தேன், தங்கையும் பார்த்தாள்.

நிபுணர் மூச்சு வாங்கிக்கொண்டு நெற்றியைத் தடவினார். "வேற எவனாவது ஓட்டியிருந்தா போயிருப்போம். பாத்தீங்களா என் கண்ட்ரோல?"

என் தங்கை அவரை ஒருமுறை பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. இறங்குவதற்கு முன் குனிந்து, அந்த ஈர விரிப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சநேரம் இருந்தாள். பிறகு கதவைத் திறந்து, செருப்பைக் கையில் பிடித்தபடியே வந்த வழியில் நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அன்றிலிருந்து அவள் மாடியில், என்னோடு.

சில நாள் கழித்து நிபுணர் வாசலில் நின்று கூப்பிட்டார். நெற்றியில் காயம் ஆறியிருந்தது, மற்றபடி மாற்றம் ஒன்றும் இல்லை. வாடை போய்விட்டதாம், அந்தப் பக்கம் சருகாகக் காய்ந்து கிடக்கிறதாம், அவரே ஏதோ மருந்து அடித்துக் குணப்படுத்திவிட்டாராம். வெள்ளைச் சட்டைக்கு நேரில் காட்டி அவர் மூக்கை உடைக்கப் போகிறார். அந்த ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிக்கரையில் ஒரு சுற்று அழைத்துப் போவதாக ஏற்பாடு. தரை காய்ந்துவிட்டது என்று கேட்டதும் அந்த ஆளும் ஒப்புக்கொண்டாராம்.

எஞ்சின் சூடாகட்டும் என்று வண்டியை ஓடவிட்டு, அவர் படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நான் போய் தங்கை உட்காரும் பக்கத்து விரிப்பைத் தூக்கினேன். உண்மைதான். துளி ஈரம் இல்லை. தகடு வழுவழுவென்று புதிதாக மின்னியது.

சுற்றி வந்து ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்தேன். கால்விரிப்பின் முனையைப் பிடித்து உயர்த்தினேன்.

அங்கே ஒற்றைப் பாதம், வலது. நடுவில் வளைந்து, இரண்டாவது விரல் நீண்டிருந்தது. விரல்கள் ஆக்சிலரேட்டருக்கு அடியில் போய் முடிந்தன.

"தம்பி, உங்க பக்கம் தரையைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"காந்தம் வச்சே பாத்துட்டேன் அண்ணி. வண்டியப் பத்தி எனக்கே பாடமா?" என்றார் தலையைத் தூக்காமல்.

விரிப்பை இருந்தபடியே போட்டுவிட்டு விலகி நின்றேன். மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கை கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் யாரும் இல்லை. விரிப்பு மெதுவாக நனைந்தது. பெடல் தானாக, தரை தொடும்வரை அமுங்கியது. எஞ்சின் தெரு அதிர உறுமி, பிறகு அடங்கியது.

நிபுணர் ஷூ நாடாவைக் கட்டி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கேட்டீங்களா அண்ணி, என்ன பிக்கப்பு" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.