காயாத வீல்கள்

மலைக்குளிரில் இரும்பு கையைக் கடிக்கும். அலுமினியம் அதைவிடப் பொல்லாதது. வெள்ளனே தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். வடகவுஞ்சியில் பிறந்து வளர்ந்த அழகுமலைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் அன்று காலை ஷெட்டின் தகரக் கதவைத் திறந்து, முந்தின நாள் வாங்கி வந்த நான்கு அலாய் வீல்களில் மேலே கிடந்ததைத் தூக்கியவன், தூக்கிய கையோடு நின்றுவிட்டான். வீல் வெதுவெதுவென்று இருந்தது. மலை இறங்கி வந்து அப்போதுதான் நின்ற வண்டியிலிருந்து கழற்றியதுபோல ஒரு சூடு. மற்ற மூன்றையும் தொட்டுப் பார்த்தான். அவையும் அப்படித்தான். தகரத்தின் மேல் வெயில் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வடகவுஞ்சி வெயிலைக் கண்டு நாலைந்து நாளாகியிருந்தது.

அந்த வீல்களை அவன் வாங்கியது வண்டிக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டான். உண்மையில் சகலைக்காக. அவன் மனைவி சுகன்யாவின் தங்கை புவனாவைக் கட்டியவன் ஞானவேல், கிளாவரைக்காரன். பெண் பார்க்க வந்த அன்று பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டையில் ஒட்டிய பூண்டுத் தோலைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றவன். அவனுக்குப் போய்ப் பூண்டு விலை ஏறியது. வெள்ளைக் கார் வந்தது. அதில் கருப்பும் வெள்ளியுமாக அலாய் வீல். மாமனார் வீட்டு விசேஷத்தன்று அந்தக் கார் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, மூத்த மருமகன் அழகுமலையின் பழைய சின்னக் கார் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றது. அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். மகள் ஸ்வேதா ஓடிவந்து ஒன்று கேட்டாள்.

“அப்பா, சித்தப்பா வண்டி வீலுல என் மூஞ்சி தெரியுதுப்பா. நம்ம வண்டியில ஏன்ப்பா தெரிய மாட்டேங்குது?”

பிள்ளை விளையாட்டாகத்தான் கேட்டது. ஆனால் அன்று இலையில் உட்கார்ந்த அழகுமலைக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்றால் லேசுப்பட்ட பொறாமையா? ஞானவேல் சிரித்தால் எரிந்தது, சிரிக்காவிட்டால் திமிர் என்று எரிந்தது. ஆசை ஆசையாய் வளர்த்த ஒரே மகள், அடுத்தவன் வீலில் முகம் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் வத்தலக்குண்டில் பழைய வண்டிச் சாமான் விற்கும் சேனாதிபதியின் கடைக்குப் போனான். கடையின் பின்கட்டில், முன்பக்கம் நசுங்கிய ஒரு வண்டியின் பக்கத்தில் அந்த நான்கும் சாத்தியிருந்தன. எந்த வண்டியில் இருந்தது என்று இவன் கேட்கவில்லை, சேனாதிபதியும் சொல்லவில்லை. ஏற்றிவிடும்போது மட்டும் மெதுவாகச் சொன்னார்.

“மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு எலுமிச்சம்பழத்த நாலையும் சுத்திக் கழிச்சிருங்க. ஆள் அண்டாத முச்சந்தியாப் பாத்துப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வாங்க. அத யாரும் மிதிச்சிரக் கூடாது, கேட்டீங்களா?”

கேட்டுக்கொண்டான். காய்கறி வண்டியில் வீல்களை ஏற்றி வந்தவன், அதே வண்டியில் தன் பழைய இரும்பு வீல்களைக் கழற்றிப் போட்டுச் சேனாதிபதிக்கே அனுப்பிவிட்டான். கார் நான்கு கல்லின்மேல் நின்றது. இனி அலாய் இல்லாமல் அது அசையாது. அப்படி ஒரு வீம்பு.

பழைய பூச்சை உரித்துப் புதிதாகப் பூசும் வேலை ஆரம்பித்தது. பெயின்ட் ரிமூவரைத் தடவியதும் வெள்ளிப் பூச்சு கொப்பளித்து எழுந்தது. சுரண்டினான். கீழே கருப்பு. கருப்பைச் சுரண்டினால் சிவப்பு, சிவப்புக்கு அடியில் ஒரு மங்கிய தங்க நிறம். எத்தனை பேர் இவனைப்போலவே யாரோ ஒருவனுடைய வண்டியைப் பார்த்து வயிறெரிந்து வந்து, இதன்மேல் ஒரு நிறத்தை ஏற்றியிருக்கிறார்களோ. தகரத்துக்கு வெளியே மூடுபனி இறங்கி மத்தியானத்தையே சாயங்காலமாக்கியிருக்க, உப்புத்தாள் தண்ணீரில் நனைந்து உலோகத்தின்மேல் சர் சர்ரென்று போய்வரும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத அந்த ஷெட்டில், ரிமூவரின் நெடியையும் மீறி இன்னொரு வாடை மெல்ல எழுந்து அவன் மூக்கில் ஏறியது. இறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதித்தால் வருமே, அந்தக் கருகல் வாடை.

இன்னொன்றையும் கவனித்தான். வேறு நினைப்போடு தேய்த்தால் வீல் குளிர்ந்து கிடந்தது. ஞானவேலை நினைத்துத் தேய்த்தால் சூடு ஏறியது. சந்தேகப்பட்டுச் சோதித்தே பார்த்தான். தோட்டத்துக்குப் போட வேண்டிய உரத்தை நினைத்தான், குளிர்ந்தது. வெள்ளைக் காரை நினைத்தான்; விரல் நுனியில் சுட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் தன் வயிற்றெரிச்சலை உலகத்தில் ஏதோ ஒன்று புரிந்துகொண்டதுபோல ஒரு திருப்தியும் இருந்தது. பிறகு பயத்தை விட்டுவிட்டு வேண்டுமென்றே நினைத்தான். வெள்ளைக் கார் பள்ளத்தில் தலைகுப்புறக் கிடப்பதாக நினைத்து நினைத்துத் தேய்த்தான். அவன் மனசில் கார் மட்டும்தான் கிடந்தது, உள்ளே ஆளில்லை. பொறாமைக்காரன் அவ்வளவு தூரம் யோசிப்பதில்லை.

ஞானவேலின் மகனுக்குப் பழனியில் மொட்டை என்று நாள் குறித்திருந்தார்கள். குடும்பத்தோடு தன் காரில், தன் அலாய் வீலில் அடிவாரத்தில் போய் இறங்க வேண்டும் என்பது அழகுமலையின் கணக்கு. அந்த அவசரத்தில் பனி விலகும்வரை பொறுக்காமல் கடைசியாகப் பளபளப்புக்கு அடிக்கும் லேக்கரை அடித்துவிட்டான். மலையில் பெயின்ட் வேலை செய்பவர்கள் யாரும் இதைச் செய்யமாட்டார்கள். ஈரக்காற்றில் அடித்த லேக்கர் பூத்துவிடும். பாலை ஊற்றியதுபோல வெளுத்துப்போகும். அப்படியே ஆனது. இரண்டு இரும்புக் குழாய்களைக் குறுக்கே கட்டி, முன் வீல் இரண்டைக் கதவுப் பக்கத்துக் குழாயிலும், பின் வீல் இரண்டை உள்பக்கத்துக் குழாயிலும் நடு ஓட்டை வழியாகக் கோத்துத் தொங்கவிட்டு, கீழே கரி அடுப்பை மூட்டி வைத்தான். தொட்டால் இன்னமும் பிசுபிசுத்தது. காயவே இல்லை.

மொட்டைக்கு முந்தின நாள் மத்தியானம் வெள்ளைக் கார் புவனாவையும் பையனையும் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. ராத்திரி பழனியில் தங்கி, விடிந்ததும் முடி இறக்குவது ஏற்பாடு. ஞானவேல் இறங்கியதும் கல்லின்மேல் நின்ற காரைப் பார்த்தான், ஷெட்டை எட்டிப் பார்த்தான்.

“என்ன சகல, அலாய் மாட்டப் போறீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? என் வண்டிக்குக் கம்பெனியில குடுத்த வீல் வீட்டுல சும்மாதான கெடக்கு. எடுத்துட்டுப் போங்கன்னு குடுத்திருப்பேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. அவன் கழித்துப்போட்டதை இவன் மாட்டிக்கொள்ள வேண்டுமாம்.

“உள்ள போய்ச் சாப்பிடுங்க. எனக்குச் சோலி கெடக்கு,” என்றான் அழகுமலை.

காலையில்தான் அவன் வீல்களைச் சுற்றிக் கழித்திருந்தான். முச்சந்தியில் போட வேண்டிய எலுமிச்சம்பழம் சட்டைப்பையிலேயே கிடந்தது, அடிப்பக்கம் கருத்து, தொட்டால் சூடாக. முச்சந்திக்கென்றுதான் கிளம்பினான். வெள்ளைக் காரைத் தாண்டும்போது கால் நின்றது. உள்ளே சாப்பாட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்டன. குனிந்தான். முன் டயருக்கு அடியில் பழத்தை வைத்தான். நிமிர்ந்து, திரும்பிப் பார்க்காமல் ஷெட்டுக்குள் போனான்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். சுகன்யாவின் கையில் பை இருந்தது. ஸ்வேதா புதுப் பாவாடையில் இருந்தாள்.

“ஏங்க, உங்க வண்டி இன்னைக்கு ஆகாதுல்ல? நானும் பாப்பாவும் ஞானவேல் தம்பி வண்டியிலயே போறோம். நீங்க காலைல வெரசா பஸ்ஸப் புடிச்சு வந்திருங்க.”

ஸ்வேதா அதற்குள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். கார் இன்னும் நகரவில்லை. அழகுமலை நினைத்தால் குனிந்து பழத்தை எடுத்துவிடலாம். எடுத்தால் என்ன ஏது என்று கேட்பார்கள். என்ன சொல்வது? ஞானவேல் காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். முன் டயரருகே நின்றான். குனிந்து பார்த்தான்.

“நீங்களா சகல வச்சீங்க?” அவன் குரல் குழைந்துவிட்டது. “புவனா, இங்க பாரு. பிரயாணம் நல்லா அமையணும்னு சகல பழம் வச்சிருக்காரு. எனக்கே மறந்துபோச்சு. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.”

எல்லோரும் அழகுமலையைப் பார்த்தார்கள். சுகன்யா பார்த்த பார்வையில் பெருமை இருந்தது; அவள் அப்படிப் பார்த்து எத்தனையோ காலமாயிற்று. இப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினான். கார் முன்னால் நகர்ந்தது. பழம் நசுங்கியது. சிவந்த பின்விளக்குகள் பனிக்குள் போய் மறைந்தன.

ஷெட்டுக்குள் ஏதோ ஓடும் சத்தம்.

போய்ப் பார்த்தான். குழாயில் தொங்கிய நான்கு வீல்களும் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று இல்லை. கரிப்புகைகூட நேராக எழுந்துகொண்டிருந்தது. டயர் மாட்டாத வெறும் வீல்களிலிருந்து, ஈரத் தார்ச்சாலையில் டயர் ஓடும் சத்தம் வந்தது. நடுநடுவே சரளைக்கல் தெறித்தது. பிறகு வலப்பக்கத்து இரண்டும் வேகமாகச் சுற்றின, இடப்பக்கத்து இரண்டும் மெதுவாக. வயசெல்லாம் மலையில் வண்டி ஓட்டியவனுக்கு அது புரிய நேரமாகவில்லை. இடப்பக்கம் திரும்புகிறது. வெளிவட்டத்து வீல் கூடச் சுற்றும். பழனிப் பிரிவு ரோட்டின் முதல் திருப்பம். அடுத்தது வலது. வலது திரும்பியது. அப்புறம் பாலம். தடக், தடக் என்று பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியது.

அவன் மகள் போகும் வழி. அவள் உட்கார்ந்திருக்கும் வண்டி.

போனை எடுத்தான். நல்லவேளை, சுகன்யா எடுத்தாள்.

“வண்டிய நிறுத்தச் சொல்லு. இப்பவே. பாப்பாவ எறக்கு.”

“என்னங்க? என்னாச்சு?”

“அந்தப் பழம்... அது நல்ல பழம் இல்ல சுகன்யா. நிறுத்தச் சொல்லு!”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பாப்பா அவரு வண்டியில ஏறுனதக்கூடவா உங்களால பொறுக்க முடியல? பழம் வச்சத நெனச்சு இப்பத்தான் சந்தோசப்பட்டேன். அதுக்குள்ள உங்க புத்தி... வைங்க போன.”

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தான். மலை சிக்னலை மறைத்துவிட்டது. மறுபடி. இல்லை.

கருகல் வாடை ஷெட்டை நிறைத்தது. வீல்கள் வேகமெடுத்தன. இறக்கம். இந்த இறக்கத்தில் இவ்வளவு வேகம் ஆகாது. “மெதுவா, மெதுவா,” என்று அழுதான். முன் வீலை இரண்டு கையாலும் பிடித்தான். காயாத லேக்கரில் உள்ளங்கைத் தோல் உரிந்து ஒட்டிக்கொண்டது. விடவில்லை. நெஞ்சோடு அணைத்தான். அவனை உதறிவிட்டுச் சுற்றியது. கீச்சென்று ஒரு சத்தம். பிரேக். இன்னொரு கீச். கொண்டை ஊசி வளைவு. வலப்பக்கத்து வீல்கள் வேகமாக. இன்னும் வேகமாக. திரும்பு. திரும்பு.

சத்தம் நின்றது.

சாலைச் சத்தம் மட்டும்தான் நின்றது. வீல்கள் நிற்கவில்லை. நான்கும் ஒரே சீராக, தரையே இல்லாததுபோல, லேசாக, மிக வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஷெட்டில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது; வண்டி ரோட்டில் இல்லை. இவ்வளவு நேரமும் நில், நில் என்று கெஞ்சியவன், மண்டியிட்டு, தோல் உரிந்த கைகளைக் கூப்பினான்.

“நிக்காத,” என்றான். “முருகா, நிக்க விடாத.”

சுற்றின. சுற்றின.

முதலில் கதவுப் பக்கத்து முன் வீல் இரண்டும் நின்றன.