செத்த செல்களின் பச்சை

கரண்ட் போன பிறகும் மைக்ராஸ்கோப்பில் அந்தப் பச்சை அணையவில்லை.

அறிவுமதி கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். மதியத்திலும் வெளிச்சம் எட்டாத அந்த இருட்டறையில் மின்விசிறி கடைசிச் சுற்றைக் கிறீச்சிட்டு முடித்தது. ஸ்பிரிட் வாடைக்கு அடியிலிருந்து சேற்று நாற்றம் ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மைக்ராஸ்கோப்பின் விளக்கு பட்டால்தான் ஒளிர வேண்டிய செல்கள், விளக்கு செத்த பிறகும் தாமாகவே ஒளிர்ந்தன.

கிள்ளைக் கடற்கரையில் பிடித்த நண்டின் ஓட்டிலிருந்து பாலிமர் எடுத்து, அதில் நானோ துகள்கள் செய்து, பச்சையாக ஒளிரவைக்கும் ஜீனை அவற்றில் பொதிந்து உயிருள்ள செல்லுக்குள் அனுப்புவதுதான் சிதம்பரத்தில் அவள் செய்துவந்த ஆராய்ச்சி. ஜீன் உள்ளே போகவே இல்லை. துகள் அதிகமாகிச் செல்கள்தான் செத்தன. செத்த செல்லும் அந்த விளக்கில் மங்கலாகப் பச்சை காட்டும். இது தெரிந்தே, "சக்சஸ் சார்" என்று சொல்லித் தொலைத்தாள். அவளுடைய கைடு தட்சிணாமூர்த்தி துறை முழுக்க இனிப்பு கொடுத்தார். நினைத்தாலே உடம்பு கூசியது.

"எம்மா மதி, எங்க இருக்க?"

அப்பா சாமிக்கண்ணு. மகள் செய்ததைப் பார்க்கக் குடிகாட்டிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். இருட்டில் தடவித் தடவிப் பக்கத்தில் வந்தார்.

"பஸ்ஸுல அத்தினி பேருகிட்டயும் சொல்லிட்டேன். எங்க, காட்டு பாப்பம்."

அவள் குனிந்தாள். ஒரு பச்சை நடுவில் இறுகி இரண்டாகப் பிரிந்தது. செத்த செல். பிரிகிறது. இரண்டு நான்காயிற்று. லென்ஸை நோக்கி மேலே ஏறின.

பாக்காதீங்கப்பா என்று சொல்ல வேண்டும். ஏன் என்பார். வெட்கம் பிடுங்கித் தின்றது. நகர்ந்து இடம் விட்டாள்.

அப்பா ஆசையாகக் கண்ணை வைத்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"போதும்ப்பா."

அவர் தோளைத் தொட்டு உலுக்கினாள்.

"அப்பா, எந்திரிங்க. அதெல்லாம் செத்துடுச்சுப்பா. நான் பொய் சொல்லிட்டேன்."

"இல்லம்மா," என்றார் மெதுவாக. "உசுரோடதான் இருக்குது."

நிமிர்ந்தார். முகம் தெரியவில்லை. கண் இருந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும். அது பிரிந்தது. பிரிந்து கன்னத்தில் இறங்கியது. உதடுவரை பரவியது.

அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. அப்பா பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.