பூமிக் கரிமம்

அங்கே இறந்தவர்களை மூன்றாவது மாதம் சாப்பிட்டுவிடுவார்கள். இதில் யாருக்கும் அருவருப்பு கிடையாது. செவ்வாயில் ஒரே குவிமாடத்துக்குள் வாழ்கிறவர்களுக்கு, புதைத்துவிட்டு மறக்கும் வசதி இல்லை. உடலைக் கரைகலத்தில் இறக்குவார்கள். கரைந்தது பாசித் தொட்டிக்குப் போகும். பாசி கஞ்சியாகும், அடையாகும், குழந்தையின் கன்னத்துச் சதையாகும். அணுக்கள் அழிவதில்லை, சேர்க்கையை மட்டும் மாற்றிக்கொள்கின்றன என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்.

சொல்லிக்கொடுத்தும் பயனில்லை.

தொட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்று பொதுத் தொட்டி. மற்றது முதற்கப்பலில் வந்த நாற்பது குடும்பங்களின் தொட்டி. இலையோ இறைச்சியோ, எதைக் கருக்கினாலும் மிஞ்சுகிற கருப்புதான் கரிமம். அதில் இலேசானது, கனத்தது என்று இரண்டு வகை அணுக்கள் உண்டு. உயிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பூமியில் ஆயிரம் கரிம அணுக்களில் பதினொன்று கனத்தவை. செவ்வாயின் காற்றில் பதினொன்றரை. இந்த அரை அணுவை வைத்துக்கொண்டு, எண்பது வருடமாக அந்த நாற்பது குடும்பங்களும் தங்களைப் பூமிக் கரிமம் என்று சொல்லிக்கொண்டன. சுடுகாட்டுக்கே இரண்டு பாதை போட்டிருந்த ஊர்களிலிருந்து கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த வைரவன், குழாய் பழுது பார்ப்பவர், ஐம்பத்தொரு வயதில் இறந்துபோனார். வழக்கப்படி அவருடைய தலைமுடியில் நான்கு இழைகள் சோதனைக்கூடத்துக்குப் போயின. முடி, மனிதன் கடைசியாக என்ன சாப்பிட்டான் என்பதை ஒளிக்காது. 'பொருந்தவில்லை' என்று முடிவு வந்தது.

வைரவனின் மனைவி கோமளம் சோதனைக்கூடத்துக்கு வந்து, பரிசோதகர் தில்லைநாயகியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவருக்கு வேலை பூரா பொதுப் பக்கந்தான் அக்கா," என்றாள் கோமளம். "இருபது வருஷமா மதியச் சாப்பாடு அங்கதான். அதுக்காக எங்க தொட்டியில சேக்க மாட்டேங்கிறாங்க."

"பொதுத் தொட்டியில விட்டா என்ன கோமளம்?"

"எங்க பாப்பா எங்க தொட்டியிலதான் இருக்கா. பொறந்து பதினேழு நாள்தான் இருந்தா. அவ கூடப் போய்ச் சேரணும்னு ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு."

தில்லைநாயகி எழுந்து அலமாரியைத் திறந்தாள். 'பொருந்தவில்லை' என்றால் எதோடு பொருந்தவில்லை என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாற்பது குடும்பங்களின் தொட்டிக் குழுவினர் ஒவ்வொரு முறையும் தங்கள் தொட்டியிலிருந்து ஒரு கரண்டிப் பாசியைக் கொண்டுவந்து, இதுதான் பூமி, இதோடு ஒப்பிடு என்பார்கள். பரிசோதகர்களும் ஒப்பிடுவார்கள். ஒப்பிடுவதற்கென்றே பூமியிலிருந்து வந்த அளவுத்தூள், முத்திரை உடையாமல், எண்பது வருடமாக அலமாரியில் கிடந்தது. அவள் முத்திரையை உடைத்தாள். வைரவனின் முடி, தொட்டிப் பாசி, குழுத் தலைவர் அருணகிரி போன மாதம் தன் பூமிக் கரிமச் சான்றிதழைப் புதுப்பிக்கக் கொடுத்துவைத்த முடி, மூன்றையும் அந்தத் தூளோடு ஒப்பிட்டாள்.

மறுநாள் குழு கூடியது. அருணகிரி வைரவனின் சித்தப்பா. பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"உங்க தொட்டிதான் செவ்வாய்," என்றாள் தில்லைநாயகி. "கரிமம் குறையும்போதெல்லாம் வெளிக்காத்தை உறிஞ்சி நிரப்பியிருக்கீங்க. எண்பது வருஷத்துல ஊர்லேர்ந்து வந்தது கரைஞ்சே போச்சு. பொதுச் சாப்பாட்டுக்கூடத்துல பூமியிலேர்ந்து வர்ற நிவாரண மாவு. அதைத்தான் நீங்க கையால தொடமாட்டீங்களே. வைரவன் தின்னாரு. உங்க எல்லாரையும்விட அவருதான் பூமி."

சபையில் யாரோ ஒருவர் தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அவரைச் சேத்துக்கலாம்ல மாமா?" என்றாள் கோமளம்.

அருணகிரி தொண்டையைச் செருமினார். "எப்படிம்மா சேக்கிறது? இந்த அம்மா சொல்றதை நல்லா யோசிச்சுப் பாரு. நாம எண்பது வருஷமா இந்த மண்ணோட காத்துல ஊறினவங்க. பூர்வீகம். அவன் உடம்புல இருக்கிறது நேத்துக் கப்பல்ல வந்து இறங்கின நிவாரண மாவு. நம்ம தொட்டியோட சுத்தம் என்ன ஆவுறது?"

"முந்தாநேத்து வரைக்கும் பூமிதானே சுத்தம்?" என்றாள் கோமளம்.

"அது முந்தாநேத்து."

சபை நிம்மதியாக மூச்சுவிட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'பூமிக் கரிமம்' என்றிருந்த பெயர்ப்பலகையை 'செவ்வாய்ப் பூர்வீகக் கரிமம்' என்று மாற்றவும் அதிலேயே முடிவானது. வெளியே தள்ளப்பட்டவர் மட்டும் மாறவில்லை.

தில்லைநாயகி தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். "கோமளம், பொதுத் தொட்டியிலேயே விடு. அங்க கரையுறதுல பாதி காத்தாத்தான் போகும். குவிமாடத்துல காத்து ஒண்ணுதான். இந்தத் தொட்டிப் பாசியும் அதைத்தான் குடிக்குது. நாலு மாசத்துல உன் வீட்டுக்காரர் பாப்பாகிட்ட வந்துடுவாரு. யார்கிட்டயும் அனுமதி கேட்க வேண்டாம்."

கோமளம் அழுதாள். அன்று மாலையே வைரவனைப் பொதுத் தொட்டியில் இறக்கினாள்.

தில்லைநாயகி சொன்னது ஆறுதலாக ஒருத்தி காதில் விழுந்தது. நாற்பது குடும்பங்களின் காதில் அபாயச் சங்காக விழுந்தது. அன்றிரவே அருணகிரி நெஞ்சு அடைக்கிறது என்று படுத்துக்கொண்டார். ஒரே வாரத்தில் மனு தயாரானது. பூர்வீகக் குடும்பங்களுக்குத் தனிக் குவிமாடம், தனிக் காற்று. கட்டி முடிக்க எட்டு மாதமாகும் என்று பொறியாளர்கள் சொல்லியிருந்தார்கள். மனுவில் எல்லா வீட்டின் கையெழுத்தும் வேண்டும் என்பதால் அருணகிரியே கோமளத்தின் வீட்டுக்கு வந்து தாளை நீட்டினார்.

அவள் ஒரு வரி விடாமல் படித்தாள்.

"எட்டு மாசமா மாமா? அவரு நாலு மாசத்துல வந்துருவாரே. குவிமாடம் முடியுற வரைக்கும் மூச்சு விடாம எப்படி இருப்பீங்க?"

கேலி என்று அவருக்கு உறைக்கவில்லை. முகம் கவலையில் சுருங்கியது.

"அதுக்குத்தாம்மா," என்றார், "ஒரு உபகுழு போட்டிருக்கோம்."