செப்பு மூட்டையில் ஒரு எஃகுக் காசு

சனிக்கிழமை மதியம், கடையைச் சாத்தலாமா என்று டெல்பர்ட் யோசித்துக்கொண்டிருந்தபோது ஆர்வில் பங்கர்ட் உள்ளே வந்தார்.

"எங்கப்பாவோட காசத் திருடிட்டான், இர்மா. வேற யாரும் இல்ல, ஹார்லன்தான்."

இர்மா அந்த ஒஹாயோ ஊரில் பழைய நாணயக் கடை வைத்திருந்தார். அதற்கு முன் இருபது வருடம் தபால் துறையில் திருட்டு வழக்குகளை விசாரித்தவர். கடையில் அவருக்கு உதவியாக இருந்த டெல்பர்ட்டுக்குத் துப்பு என்றால் சாப்பாடுகூட மறந்துவிடும். உடனே நோட்டை எடுத்துக்கொண்டார்.

ஆர்வில் சொன்னது இதுதான். அவரும் ஹார்லனும் முப்பது வருட சிநேகிதர்கள். வங்கியில் பென்னி எனப்படும் ஒரு சென்ட் காசுகளை மூட்டை மூட்டையாக வாங்கி, ஹார்லன் வீட்டு மெஷினில் ஓடவிடுவார்கள். அது மதிப்புக் கூடிய பழைய செப்புக் காசுகளை ஒரு வாளியிலும் மற்றதையெல்லாம் இன்னொன்றிலும் தள்ளும். ஆனால் மெஷினுக்கு வருடம் படிக்கத் தெரியாது. அதனால் செவ்வாய்தோறும் ஆர்வில் வீட்டுச் சமையலறையில் இருவரும் ஆளுக்கொரு கிண்ணமும் பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்து, அது தவறவிட்ட அரிய காசு ஏதாவது செப்பு மூட்டையில் கிடைக்குமா என்று தேடுவார்கள்.

இத்தனை வருடத்தில் பெரிதாக எதுவும் சிக்கியதில்லை. போன செவ்வாய்க்கிழமை ஹார்லனின் கிண்ணத்தில் 1944ஆம் வருடத்து எஃகுப் பென்னி கிடைத்தது. போர்க்காலத்தில் செப்புத் தட்டுப்பாட்டால் 1943இல் எஃகில் காசு அடித்தார்கள். மீந்துபோன எஃகுத் தகடுகளில் சில, அடுத்த வருட அச்சில் தவறிப்போய் மாட்டிக்கொண்டன. ஒன்று கையில் இருந்தால் ஒரு வீட்டுக்கே கூரை மாற்றலாம். ஹார்லன் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டை விற்றுவிட்டு நெவாடாவில் மகனிடம் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆர்வில் மேஜை இழுப்பறையைத் திறந்தால், அப்பா வைத்துவிட்டுப் போன அதே மாதிரிக் காசு அங்கே இல்லை. நேராகப் போய், திருடினாயா என்று கேட்டார். ஹார்லன் பதிலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டார். திங்கட்கிழமை ஷெரீஃபிடம் போலீஸ் புகார் கொடுக்கப்போவதாக ஆர்வில் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமையே இர்மா எல்லோரையும் அந்தச் சமையலறையில் கூட்டினார். ஹார்லன் வருவதற்குள், ஆப்பிள் பை என்ற பலகாரத்தை நறுக்கிக்கொண்டிருந்த ஆர்விலின் மனைவி வெர்னாவிடம், கிண்ணங்களில் காசு போடுவது யார் என்று சாதாரணமாகக் கேட்டார்.

"நான்தான். மாவு அள்ளுற கரண்டியால. இவங்கள விட்டா தரையெல்லாம் காசு."

"அந்த இன்னொரு வாளியிலயும் தேடுவாங்களா?"

"அதுல என்ன இருக்கும்? குப்பை. திரும்ப பேங்குக்குப் போறது. நல்லது எல்லாம் செப்புலதானே."

ஏன் என்று தெரியாமலே டெல்பர்ட் அதைக் குறித்துக்கொண்டார்.

ஹார்லன் வந்தார். யாரையும் பார்க்காமல் காசை மேஜைமேல் வைத்தார். இர்மா காந்தத்தை நீட்டியதும் அது ஒட்டிக்கொண்டது.

"அசல் எஃகு. அப்போ திருட்டு உறுதி," என்றார் டெல்பர்ட்.

"அவசரப்படாதீங்க. அந்த மெஷினுக்குள்ள மாதிரிக்கு ஒரு செப்புக் காசு இருக்கு. அதோட ஒத்துப்போகாதத எல்லாம் அடுத்த வாளிக்குத் தள்ளிடும். எஃகு செப்பு மூட்டைக்கு வரவே வராது. இது யாரோ கையால போட்டது."

"அதத்தானே நானும் சொல்றேன்," என்றார் ஆர்வில்.

"மெஷினக் கட்டினதே ஹார்லன். அவர் திருடி நாடகம் ஆடியிருந்தா, அந்த இன்னொரு வாளியிலேருந்து எடுத்த மாதிரிதானே ஆடியிருப்பார்? இந்தத் தப்பச் செஞ்சவங்க, மெஷின் பக்கமே போகாதவங்க."

இர்மா வெர்னாவைப் பார்க்கவில்லை. மற்ற மூவரும் பார்த்தார்கள்.

வெர்னா கத்தியைக் கீழே வைத்தார். "கூரைக்குக் கைகொடுன்னு ஹார்லன் ரெண்டு தடவ உங்ககிட்டக் கேட்டார், ஆர்வில். அப்பா காச விக்க மாட்டேன்னுட்டீங்க. அவரும் ஊரவிட்டுப் போயிட்டா நீங்க யாரோட பேசுவீங்க? அதான் அவர் கிண்ணத்துல போட்டேன்."

ஆர்விலுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு எப்படிடா தெரியும், ஹார்லன்…"

"கிண்ணத்துல பார்த்ததுமே எனக்குத் தெரியும், இது மெஷின்லேருந்து வரலன்னு," என்றார் ஹார்லன் மெதுவாக. "உனக்கும் அது தெரியும்ல. அதனால நீதான் போட்டிருக்கன்னு நெனச்சேன். நேரா குடுக்கக் கூச்சப்பட்டுட்டு, எனக்கு மட்டும் புரியற மாதிரி குடுத்திருக்கான்னு. அன்னிக்கே மகனுக்கு போன் பண்ணி, நான் வரலன்னு சொல்லிட்டேன். மறுநாள் நீ வந்து கதவத் தட்டுறப்போ, காப்பி குடிக்க வந்திருக்கன்னு நெனச்சேன்."

ஹார்லன் காசை ஆர்வில் பக்கம் நகர்த்தினார். வெர்னாவிடம், பை இன்னொரு நாள் சாப்பிடுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

காரில் ஏறியதும் டெல்பர்ட், அரைமணி நேரத்தில் வழக்கு முடிந்ததே என்று ஆரம்பித்தார். இர்மா சாவியைத் திருகவில்லை.

"ஹார்லன்கிட்ட முதல்லயே தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்," என்றார். "எல்லார் முன்னாடியும் வச்சு உடைச்சிட்டேன்."

அதற்குள் ஆர்வில் காசைக் கையில் பிடித்தபடி வீட்டிலிருந்து ஓடிவந்தார். ஹார்லனின் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் கூப்பிட்டார். வண்டி நிற்கவில்லை.