ஆறேகால் மணிப் படிவங்கள்

தலைமை நர்ஸ் பெரிய டாக்டரின் அறைக் கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து கடிதத்தை மேசைமேல் வைத்தார். ஏழு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் குழந்தைகள் தீவிர சிகிச்சை ஆய்விலிருந்து அவருடைய வார்டை நீக்கப்போகிறார்களாம். பொய்த் தகவல் என்று சந்தேகம்.

"இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் சார். என் பிள்ளைங்க விஷயத்துல நான் பொய் எழுதுவேனா? நீங்களே வந்து பாருங்க."

ஆய்வுத் தகவல்களைச் சரிபார்க்கும் அதிகாரியான பெரிய டாக்டர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். பக்கத்தில் இருந்த, ஆய்வின் புள்ளிவிவரக்காரிக்குக் காது சூடானது. சந்தேகத்தைக் கிளப்பியவளே அவள்தான். மற்ற ஆறு இடங்களைவிட அந்த வார்டில் குழந்தைகள் ஒரு நாள் முன்பே வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டார்கள். நாற்பத்தொரு படிவங்களிலும் ஒரே கையெழுத்து. சுவாசக் குழாயை எடுத்த நேரம் எல்லாவற்றிலும் காலை ஆறேகாலை ஒட்டியே இருந்தது. உட்கார்ந்த இடத்தில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள் என்று அவள் அடித்துச் சொல்லியிருந்தாள்.

அன்று மதியமே இருவரும் வார்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு முக்காலி. கதவில், பெற்றோர் வரும் நேரம் காலை ஆறு முதல் ஏழு என்ற அறிவிப்பு. அதை அவளும் படித்தாள், படித்து என்ன, தாண்டிப் போய்விட்டாள். பெரிய டாக்டரோ மருந்தறையில் மூன்று மணி நேரம் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். இவரோடு வந்தால் பொழுது விடிந்த மாதிரிதான் என்று அவள் மனதுக்குள் முணுமுணுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஏழு வார்டுத் தலைவர்களும் கூடினார்கள். தலைமை நர்ஸ் கடைசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பொய் எழுதறவங்க நல்லதை மட்டும்தான் எழுதுவாங்க" என்று தொடங்கினார் பெரிய டாக்டர். "மூணு குழந்தைகளுக்குக் குழாயைத் திரும்பப் போட வேண்டி வந்துச்சுன்னு இவங்களே எழுதியிருக்காங்க. அதோட, மயக்க மருந்தை மருந்தறை தனியா பதியுது, இவங்க கை அங்க போகாது. மத்த இடங்கள்ல செலவாகறதுல பாதி மருந்துதான் இங்க செலவாகுது. ஏன் சிஸ்டர், காலைல ஆறு மணிக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

நர்ஸ் விழித்தார். "அஞ்சு மணிக்கு, டாக்டர் எழுதின அளவுக்குள்ள மயக்க மருந்தைக் குறைப்பேன். வேலைக்கு ஓடற அம்மா வந்து கூப்பிட்டா பிள்ளை கண்ணைத் திறக்கணும்ல? இதையெல்லாமா படிவத்துல எழுதுவாங்க?"

மீதியைப் பெரிய டாக்டரே விளக்கினார். ஆறு மணிக்கு அம்மா குரல் கேட்டு விழித்த குழந்தை தானாக மூச்சிழுக்கிறது. பணியிலிருக்கும் டாக்டர் அப்போதே சோதித்துக் குழாயை எடுத்துவிடுகிறார். அந்த நேரம் எப்போதும் தலைமை நர்ஸின் ஷிஃப்ட், படிவத்தை நிரப்புவதும் அவரே, அதனால் ஒரே கையெழுத்து. மற்ற இடங்களில் பெற்றோருக்கு மாலைதான் அனுமதி, மருந்தைக் குறைப்பது பத்து மணி ரவுண்டுக்குப் பிறகு. குழந்தை விழிப்பதற்குள் சாயங்காலம், நாளைக்குப் பார்ப்போம் என்று ஒரு நாள் போய்விடுகிறது.

புள்ளிவிவரக்காரி எழுந்து, தப்பு தன்னுடையது என்று எல்லார் முன்பும் சொன்னாள். சொன்னபோது வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. தான் பொய்யென்று நினைத்த அந்த ஒரு நாள் நிஜம். அந்த மூன்று பேர் போக, முப்பத்தெட்டுக் குழந்தைகளுக்குக் கிடைத்திருக்கிறது.

நீக்கச் சொல்லி முதலில் கையெழுத்திட்ட வார்டுத் தலைவர் கடிதத்தைக் கிழித்தார். "எங்க வார்டுக்கு வந்து சொல்லித் தர முடியுமா சிஸ்டர்?"

"வரேன் சார்" என்றார் தலைமை நர்ஸ். "முதல்ல காலைல அம்மாக்களை உள்ள விடுங்க."