கயிறு சொன்ன நலம்

கப்பலின் சுக்கானி கயிற்றைச் சுண்டுவதற்கு முன்பே கீழிருந்து பதில் வந்துவிட்டது.

கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஆக இன்னும் பத்து வினாடி பாக்கி. மேலே நிற்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சுண்ட வேண்டும். அடித்தொட்டிக்குள் இறங்கியவர் பதிலுக்கு ஒருதரம் சுண்டினால் நலம். நான்கு தரம் என்றால், என்னை மேலே இழு. கேட்காமலே நலம் சொல்கிற வழக்கம் எந்தக் கப்பலிலும் கிடையாது. கீழே இருக்கும் மாப்பிள்ளை பந்திக்கு முந்துகிற ஆள்தான், அதற்காகப் பதிலுக்குமா முந்துவார் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

நடுப்பகல். மேல்தளத்து இரும்பு பாதத்தைச் சுட்டது. ஆனால் காலடியில் இருந்த வட்டத் திறப்பிலிருந்து, பழைய காசைக் கையில் வைத்துக் கசக்கினால் வருமே, அந்தத் துரு வாடை குளிர்ந்து குளிர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் மூடிக் கிடந்த அடித்தொட்டி. துரு உயிர்க்காற்றைத் தின்றுவிடும். முகமூடி இல்லாமல் நாலு மூச்சு இழுத்தால் ஆள் காலி. அதனால்தான் முதுகில் காற்று உருளை, முகத்தை முழுதாக மூடும் கண்ணாடி முகமூடி, தலைக்கவசம், கையுறை, இடுப்பில் இந்தக் கயிறு. ஒழுகும் வால்வு ஒன்றை இறுக்கிவிட்டு வர இருபது நிமிடம் போதும். இறங்கியிருப்பவர் சுக்கானியின் தங்கை கணவர், கல்யாணமாகி எட்டு மாதம். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே சுக்கானிதான்.

அவரை உறுத்தியது கயிறு மட்டுமல்ல. கப்பலில் இருந்த நான்கு முகமூடிகளில் ஒன்றின் ரப்பர் விளிம்பு காய்ந்து விறைத்திருந்தது, முகத்தோடு ஒட்டாது. போன வாரம் சோதித்தபோதே தெரியும். அப்போதே தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறிந்தால் கொக்கி ஒன்று காலியாகும், ஆய்வுக்கு வருகிறவர்கள் துளைத்தெடுப்பார்கள். புதியது வரும்வரை தொங்கட்டும் என்று விட்டுவிட்டு, நான்கும் நலம் என எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். இன்று மாப்பிள்ளை எந்தக் கொக்கியிலிருந்து எடுத்தார்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஓடிப் போய்ப் பார்க்கலாம் என்றால், கயிற்றை விட்டு நகரக் கூடாது.

பத்தாவது நிமிடம். இவர் விரல் அசையும் முன், கீழிருந்து மறுபடியும் ஒருதரம்.

வாக்கிடாக்கியில் முதல் அதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னார். கயிறு பேசுகிறதா என்று அவர் கேட்டார். பேசுகிறது என்றார் சுக்கானி. பிறகென்ன, வெயில் மண்டைக்கு ஏறிவிட்டதா என்று சிரித்து வைத்துவிட்டார். முகமூடியைப் பற்றிச் சொல்லச் சுக்கானிக்கு நா எழவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறென்ன.

பதினைந்தாவது நிமிடம், கீழே சிரிப்புச் சத்தம்.

காற்று குறைந்தால் மனிதன் காரணமில்லாமல் சிரிப்பான். சுக்கானிக்கு அது தெரியும். திறப்பின் மேல் குப்புறப் படுத்தார்.

"மாப்ள, போதும். விட்டுட்டு மேல வாங்க."

"நான் நல்லாத்தான் இருக்கேன் மச்சான்."

குரல் தெளிவாக இருந்தது. முகமூடிக்குள்ளிருந்து பேசினால் குடத்துக்குள் பேசுவது போலத்தான் கேட்கும். இது பக்கத்து இலையில் உட்கார்ந்து சொன்னது போல் கேட்டது.

இழுத்தார். தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பேன், தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பேன் என்று முனகிக்கொண்டே இழுத்தார். கயிற்றில் கனம் இருந்தது. ஏணிப்படியில் பூட்ஸ் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. மஞ்சள் தலைக்கவசம் இருட்டிலிருந்து மேலே வந்தது. கையுறை ஒன்று திறப்பின் விளிம்பைப் பற்றியது.

"வந்துட்டீங்களா," என்றார்.

குனிந்து பார்த்தார். மூச்சு விடுகிறவனின் கண்ணாடியில் ஆவி படியும். இதில் படியவில்லை. கண்ணாடியில் வானமும் அவர் முகமும் மட்டும். முகமூடிக் குழாய் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனி எதிலும் மாட்டப்படவில்லை. முதுகில் உருளை இல்லை.

அப்போது கீழே விசில் கேட்டது. உருளையில் காற்று தீரப்போகும்போது தானாக அடிக்கும் விசில். ஆழத்தில். தொட்டியின் மறுகோடியில்.

கயிறு மேலே வந்த இதன் இடுப்பில் கட்டப்பட்டிருக்கவில்லை. இதன் தோளை உரசிக்கொண்டு இருட்டுக்குள் போனது.

கயிறு ஆடியது. ஒன்று. பலமில்லாமல், இரண்டு. வெகுநேரம் கழித்து, மூன்று.

மற்றக் கையுறை மேலே வந்து, அவர் பிடிக்கு ஒரு சாண் கீழே கயிற்றை இறுக்கிப் பிடித்தது. நான்காவது வரவில்லை.

விசில் நின்றது.

பிறகு அந்தக் கை, அவர் முகத்துக்கு நேராக, கயிற்றை மெதுவாக ஒருதரம் சுண்டியது.